ஏழரை மணிக்கு வந்து ஒன்றரைக்குப் போகும் பஸ்

விடியற்புறம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, ஆனையிறவு தாண்டி, ஏழரை மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டிய ஆசிரியர்கள் வன்னியில் ஏராளம். ஏ9 வீதியில் இறங்கினால் உட்கிராமத்துக்குப் போக இன்னொரு வாகனம் பிடிக்க வேண்டும். ஒன்றரைக்கு மணி அடித்ததும் திரும்பிப் போகும் பஸ்ஸைத் தவறவிடாமல் ஓட வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், "காசு வாங்காமல் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் தரம் எங்கிருந்து வரும்?" என்று யாரும் கேட்டால் எனக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வருகிறது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாடநூல் 1980இலிருந்தும் சீருடைத் துணி 1993இலிருந்தும் இலவசம். வன்னிக்கு இதன் பெறுமதி தனி. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வந்த மலையகக் குடும்பங்கள் பல, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறின. அவர்களுடைய பழைய தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கியிருந்தன. நாடு இலவசமாகப் படித்த காலத்தில் தோட்ட லயத்துப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கட்டணம் எதுவுமின்றித் தரம் ஒன்றில் சேருகிறார்கள். இதைச் சிறிய காரியமென்று நான் ஒருநாளும் எண்ணமாட்டேன்.

தரம் என்றால் என்ன என்பதைப் போர் முடிந்த 2009 காட்டியது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தற்காலிகக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. கட்டடமுமில்லை, ஒழுங்கான தளபாடமுமில்லை. படிப்பித்தவர்களில் பலர் அதே முகாமில் அடைபட்டு, அதே தண்ணீர் வரிசையில் நின்றவர்கள். எந்தப் பிள்ளை யாரை இழந்தது, எது இரவில் அலறி எழும்புகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மீள்குடியேற்றத்தின் பின் புதுக் கட்டடங்கள் எழும்பின. அந்த அருகாமைதான் திரும்பி வரவில்லை.

இலவசம் தரத்தைக் கெடுக்கும் என்பதற்கு உகண்டாவைக் காட்டலாம்: அங்கே 1997இல் ஆரம்பக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டபோது வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. ஆசிரியர் தொகை ஈடுகொடுக்கவில்லை. வன்னியின் உட்கிராமங்களில் கதை நேர்மாறு. பிள்ளைகள் குறைவு, அதனால் ஆசிரியரும் குறைவு. இரண்டு தரங்களை ஒரே அறையில் இருத்தி, ஒரு பக்கம் 'அ' எழுதப் பழக்கிக்கொண்டு மறுபக்கம் பெருக்கல் சொல்லிக்கொடுப்பதென்றால், அதற்கென்று தனிப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். அங்கே ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் பாதிப் பள்ளிக்கூடமே போன மாதிரி.

அந்த இடைவெளிக்குள் காசு நுழைகிறது. கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய பாடசாலைக்கு அனுப்பவென்று வந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, இன்று ஒன்பது வயதுப் பிள்ளையைப் பின்னேரமும் ரியூசன் கொட்டிலில் இருத்துகிறது. வயல் கூலிக்குப் போகும் தாய் அதற்கும் எண்ணி எடுத்துக் கொடுக்கிறாள். பள்ளிக்கூடம் காசு கேட்காததால் தரம் விழவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் முடிய வேண்டிய படிப்பு அங்கே முடியாததால், ஏழையிடமிருந்தும் காசு போகிறது.

இலங்கை அண்மைக்காலத்தில் கல்விக்கு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. இது போதாது. இருக்கிற பணத்திலும் நான் முதலில் கேட்பது ஆசிரியர் விடுதிதான்: கிணறு, மலசலகூடம், உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, ஒரு பெண் ஆசிரியர் பயமின்றித் தூங்கக்கூடிய அறை. அடுத்தது, இந்த மண்ணின் பிள்ளைகளை வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் ஆரம்பக் கல்விக்கென்று பயிற்றி, சொந்தக் கோட்டத்திலேயே நியமிக்க வேண்டும். அப்போது வாசிக்கத் திணறும் பிள்ளை, பின்னேரம் நாலு மணிக்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரீச்சர் வீட்டுப் படலையைத் தட்டலாம்.