பெரிய பிரேக் டிஸ்க் எப்போது தேவை?

ஃபோர்டு எஃப்-150 ராப்டர் ஆர் பிக்கப் சுமார் 2,700 கிலோ. 100 கி.மீ. வேகத்திலிருந்து அதை நிறுத்தினால் ஏறத்தாழ 10 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். வேகம் 140 என்றால் கிட்டத்தட்ட இருமடங்கு.

மலை இறக்கத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் பேட் சூடேறிப் பிடிமானம் இழக்கும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சியது 155-லேயே கொதிக்கலாம். கொதித்தெழும் குமிழி நசுங்க, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்.

பெரிய டிஸ்க் அதிக வெப்பம் தாங்கும், நெம்புவிசையும் கூடும். ஆனால் ஒற்றை அவசர நிறுத்தத்தில் தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயர்தான். ஆகவே முதலில் நல்ல பேடும் புது ஆயிலும் போடுங்கள். அப்போதும் பிரேக் தளர்ந்தால் பெரிய டிஸ்க் கிட் வாங்கலாம். காலிப்பர் வீலுக்குள் அடங்குமா என்று அளந்துவிட்டு.