கணக்கில் எழுதப்படாத மானியம்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில், குருசதய் சாலையில் மைதானம் வைத்திருக்கும் கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்துக் கழகம், 1792-இல் தொடங்கிய மரபைத் தன்னுடையதாகக் கொண்டது. இன்று அக்கழகத்துக்குள் அடங்கிவிட்ட, ரக்பி ஆடிய கால்பந்துக் கழகம் 1878-இல் கணக்கை முடித்துக்கொண்டபோது, வங்கியில் மிஞ்சியிருந்த தொகையை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கிக் கோப்பையாக்கியது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ரக்பியில் இன்றளவும் போட்டியிடுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். உறுப்பினர்கள் தம் பணத்தைத் தம் விருப்பப்படி உருக்கியதில் எவரும் குறை காண முடியாது. ஆனால் லாப நோக்குடைய அணிகளுக்குப் பொதுப்பணம் துணை நிற்கும்போது, அதன் அளவையும் நோக்கத்தையும் அறியும் உரிமை வரி செலுத்துவோருக்கு உண்டு.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அரங்கம் கட்டுவதற்கு நகர நிர்வாகமே கடன் பத்திரம் வெளியிடுவதால், மானியத்தின் தொகை வெளிப்படையாக எழுதப்பட்டு, சில இடங்களில் வாக்கெடுப்புக்கும் விடப்படுகிறது. இந்தியாவிலோ அது பெரும்பாலும் மறைமுக மானியமாக, அதாவது ரொக்கமாகத் தரப்படாமல், நிலமாகவும் வரிவிலக்காகவும் காவல் பணியாகவும் வந்து சேர்கிறது.

கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியின் சொந்த மைதானமான ஈடன் கார்டன்ஸ், பாதுகாப்பு அமைச்சகத்துக்கு உரிய நிலத்தில் அமைந்து, வங்கக் கிரிக்கெட் சங்கத்திடம் குத்தகையில் இருக்கிறது. 1996 உலகக் கோப்பைப் போட்டிகளின்போது அங்கே வைக்கப்பட்ட விளம்பரங்களுக்காகக் கொல்கத்தா மாநகராட்சி வரி கேட்ட வழக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்து, 2025-இல் உயர் நீதிமன்றத்தில் மாநகராட்சிக்குப் பாதகமாக முடிந்தது. தீர்ப்பின் சட்ட நியாயம் ஒருபுறம் இருக்க, சாலை போடவும் குப்பை அள்ளவும் வேண்டிய மாநகராட்சிக்கு அந்த வருவாய் இல்லாமல் போனதை எந்த வரவுசெலவுத் திட்டமும் மானியம் என்று பதிவு செய்யாது.

கொல்கத்தாவில் 1984-இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் அரங்கம் மாநில அரசின் சொத்து. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பைக்காக அது அரசுச் செலவில் புதுப்பிக்கப்பட்டது. பெருநிறுவனங்களின் முதலீட்டோடு இயங்கும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் அங்கே ஆடுகின்றன. 2025 டிசம்பரில் தனியார் ஏற்பாட்டில் கால்பந்து வீரர் மெஸ்ஸி அங்கே வந்த நிகழ்ச்சி குழப்பத்தில் முடிந்தபோது, சீட்டு விற்றது தனியார். உடைந்த நாற்காலிகளோ பொதுச்சொத்து.

மகாராஷ்டிர அரசு, கிரிக்கெட் போட்டிகளுக்கான காவல் பாதுகாப்புக் கட்டணத்தை 2023-இல் குறைத்ததோடு, அச்சலுகையை 2011-லிருந்தே பின்தேதியிட்டும் வழங்கியது. ஏன் என்று மும்பை உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. இதற்கு எதிர்த்திசையில், ஐபிஎல் சீட்டுகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதமாக உயர்ந்தது. ஆக, நடத்துபவருக்குச் சலுகையும் பார்ப்பவருக்குச் சுமையும் ஒரே நாட்டில் அருகருகே நிலவுகின்றன.

போட்டிகளால் விடுதிகளும் உணவகங்களும் பிழைக்கின்றன என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆனால், கொல்கத்தாவின் கரியாஹாட்டில் வாழும் ஒரு குடும்பம் ஈடனில் செலவிடும் பணம், அன்று போட்டி இல்லையெனில் திரையரங்குக்கோ கடைவீதிக்கோ போயிருக்கும். பொருளியலார் பதிலீட்டு விளைவு என்று சொல்வது இதைத்தான். வெளியூர் ரசிகர் கொண்டுவரும் பணம் மட்டுமே நகரத்துக்குப் புதிய வரவு.

விந்தை என்னவெனில், மேற்கு வங்க அரசு பாடா கிளப்புகளுக்கு, அதாவது தெருக்குழு மன்றங்களுக்கு, முதலாண்டில் இரண்டு லட்சம் ரூபாயும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரு லட்சமுமாக வழங்கிய உதவி, தொகை கண்ணுக்குத் தெரிந்ததால் வாக்குக்கான கொடை என்று கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அவ்விமர்சனம் நியாயமானதே, ஆனால் பெரிய அரங்கங்களின் குத்தகையும் காவலும் அதே அளவுகோலால் அளக்கப்படவில்லை.

விளையாட்டுக்கு அரசு செலவிடக் கூடாது என்பது இதன் முடிவல்ல. குத்தகைத் தொகை, விட்டுக்கொடுத்த வரி, காவலர் பணிச்செலவு ஆகியவற்றை ஒவ்வொரு பருவத்துக்கும் சட்டமன்றத்தில் வைப்பதும், அரங்கப் பராமரிப்பை வருவாய் ஈட்டும் அணிகளிடமே வசூலிப்பதும், அவ்வாறு மிச்சமாகும் பணத்தை மாநகராட்சிப் பள்ளிகளின் மைதானங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒதுக்குவதும் எந்த அரசாலும் செய்யக்கூடியவை. தொகை தெரிந்த பிறகும் மக்கள் அதை அணிக்கே கொடுக்க விரும்பினால், அது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கும்.