பானெட்டிலிருந்து பில்லுக்கு

எண்பதுகளில் பழைய கார் வாங்கப் போனவருக்குப் பேரம் பேசப் பெரிதாக இடமிருக்கவில்லை. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நன்றாக ஓடும் வண்டியைக் கையில் வைத்திருந்தவர் சொன்னதுதான் விலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தொண்ணூறுகளில் மற்ற கம்பெனிகளும் நுழைந்தன. அதன்பிறகே வாங்குபவரின் குரல் எழுந்தது.

அந்தக் குரலும் பெரும்பாலும் கூட வந்த மெக்கானிக்கினுடையது. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்ப்பார். கதவோர ரப்பர் பீடிங்கை உரித்து, உள்ளே இருப்பது கம்பெனி வெல்டிங்கா, டிங்கரிங் பார்த்த இடமா என்று தடவுவார். பானெட்டைத் தட்டிச் சத்தத்தில் பட்டி கண்டுபிடிப்பார். கிலோமீட்டர் மீட்டரை அவர் நம்பியதே இல்லை. பிரேக் பெடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத்தான் நம்புவார். அவர் உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் விலை கொஞ்சம் இறங்கும். புரோக்கரோ, "டாக்டர் ஓட்டுன வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்பார். (விற்பனைக்கு வந்த வண்டிகளைக் கணக்கிட்டால் ஊரில் பாதிப்பேர் டாக்டர்களாக இருந்திருக்க வேண்டும்.) டீ வரும், கோபம் வரும், வாசல்வரை நடை வரும், கடைசியில் டோக்கன் அட்வான்ஸும் கைமாறும்.

விலையில் இவ்வளவு கறாராக இருந்தவர்கள் காகிதத்தில் கோட்டைவிட்டார்கள். படிவம் 29, 30-இல் வெறும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டி நாலு கை மாறும். அப்படி ஒரு வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது.

இன்று ஷோரூமில் ஏ.சி. ஓடுகிறது, கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. "ஃபிக்ஸட் பிரைஸ் சார், சிஸ்டம்ல மாத்த முடியாது" என்கிறார் டை கட்டிய இளைஞர். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. விலை போட்டவர் அவரல்ல. வாங்குபவரும் பழைய ஆளில்லை. வண்டி எண்ணைக் கொடுத்தால் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கியா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் போனிலேயே தெரிகிறது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டியை எடுத்து விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி.

என்றாலும் பேரம் சாகவில்லை, பில்லுக்குள் புகுந்துகொண்டது. பெயர் மாற்றக் கட்டணம், 'டாக்குமென்டேஷன்', நீட்டித்த வாரண்டி, அவர்களே பிடித்துத் தரும் லோனின் வட்டி என்று ஒவ்வொன்றாகச் சேரும். விலையில் ஐயாயிரம் குறைத்ததாகப் பெருமைப்படுபவர் வட்டியில் அதைவிட அதிகம் கட்டிவிட்டு வருகிறார். மெக்கானிக் இருந்த காலத்தில் குறை தகரத்தில் இருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. இந்தப் பில் சத்தமே போடுவதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதனால் பழையதற்கு விலை பேசும் முன் புது வண்டியின் இன்றைய விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். மாதத் தவணையைப் பேசாதீர்கள். எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு அதில் பேசுங்கள். பழைய ஓனர் கடனில் வாங்கிய வண்டி என்றால், பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.