உறவு தங்கும் இல்லம்

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியம் நூலுக்குரிய எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கு அப்பெயரைச் சூட்டியுள்ளது. முன்பின் அறியாத புதியவரே பழந்தமிழர் கருத்தில் விருந்தினர். உறவினரைச் சுற்றம், கிளை, ஒக்கல் என வேறு சொற்களால் குறித்தனர். இல்வாழ்வானின் கடமைகளைக் கூறும் திருவள்ளுவர், விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே எண்ணுகிறார். விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்திலும் சுற்றந்தழாலை 53ஆம் அதிகாரத்திலும் வைத்துள்ளார். வழிப்போக்கருக்கு விடுதிகளும் உணவகங்களும் பெருகிவிட்ட இக்காலத்தில், வீட்டிற்கு விருந்தாக வருவோர் பெரும்பாலும் உறவினரே ஆவர்.

அடுக்களைக் கணக்கு

நால்வர் வாழும் வீட்டில் மேலும் நால்வர் தங்கும்போது அன்றாடத்தின் ஒழுங்கு முழுவதும் மாறுகிறது. குளியலறைக்கு முறை வகுக்க வேண்டும். தண்ணீரை முன்னதாகவே சேமிக்க வேண்டும். இரவில் கூடமே படுக்கையறையாகும். எளிய சிற்றுண்டியான இட்டலியையே எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து எனத் தனித்தனியே ஊறவைத்து, அரைத்துக் கலந்து, இரவு முழுவதும் புளிக்கவிட வேண்டும். காலையில் இலையில் விழும் இட்டலிக்கான வேலை முந்தைய நாள் நண்பகலிலேயே தொடங்கிவிடுகிறது. அக்காலத்தில் வருகையை அறிவிக்கும் அஞ்சலட்டை முன்னதாகவே வந்து சேரும். கைப்பேசி உள்ள இக்காலத்தில் வாயிலில் நின்றுகொண்டு வரவைத் தெரிவிப்பது முறையன்று. வரும் நாளையும் தங்கும் நாள்களையும் முன்கூட்டியே சொல்வது விருந்தினரின் முதற்கடமை.

உழைப்பும் முகமலர்ச்சியும்

கோவலனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றினை இழந்ததாகக் கண்ணகி வருந்துவதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இரவில் விருந்து வரினும் மகிழும் தலைவியை நற்றிணை போற்றுகிறது. இம்மகிழ்ச்சிக்குப் பின்னுள்ள உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அனைவருக்கும் முன் எழுந்து, அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்டு, இறுதியில் உறங்கச் செல்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணே. அவர் பணிக்குச் செல்பவராயின் சுமை இருமடங்காகிறது.

மோந்தால் வாடும் அனிச்ச மலரைவிட மெல்லியது விருந்தினர் உள்ளம் என்பது வள்ளுவர் கருத்து. வரவேற்பவர் முகம் மாறினாலே அது வாடிவிடும். ஆனால், முகம் மாறுவது எப்போதும் மனக்குறையால் அன்று. உடற்சோர்வாலும் முகம் வாடும். அச்சோர்வை வெறுப்பு எனத் தவறாகக் கொள்வதால் முறிந்த உறவுகள் உண்டு. எனவே, இல்லத்தார் களைப்படையாமல் காப்பதும் உறவைக் காப்பதே ஆகும்.

பகிர்தலே உரிமை

இங்கே பழஞ்சொற்களின் வேறுபாடு வழிகாட்டுகிறது. புதியவருக்கு அடுக்களையில் நுழையும் உரிமை இல்லை; உறவினருக்கு உண்டு. காய் நறுக்குதல், தண்ணீர் எடுத்துவைத்தல், பாய்களைச் சுருட்டுதல், உண்ட கலங்களைத் துலக்குதல் ஆகியவற்றை ஆண்களும் இளைஞர்களும் உட்பட அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம். வந்தவரை வேலை வாங்குவது இழுக்கு என்னும் எண்ணம் புதியவருக்குப் பொருந்தும், சுற்றத்தாருக்குப் பொருந்தாது. கூடிச் செய்யும் வேலையின் நடுவேதான் குடும்பக் கதைகள் பிறக்கின்றன. அத்தை, சித்தி, பெரியம்மா என்னும் உறவுச்சொற்களின் நுண்ணிய வேறுபாடுகளைக் குழந்தைகள் அங்கேதான் கற்கின்றனர்.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது பழமொழி. தங்கும் நாளுக்கு அளவு தேவை என்பதை அது உணர்த்துகிறது. எனினும், சுமையைப் பகிர்ந்துகொள்ளும் சுற்றம் புறப்படும்போது, இன்னும் ஒருநாள் இருந்து செல்லுமாறு இல்லத்தார் மனமாரக் கேட்பர். அவ்வாறு கேட்கத் தோன்றும் வீட்டில் விருந்தோம்பலும் சுற்றந்தழாலும் ஒருங்கே நிறைவெய்துகின்றன.