மன்னார்க் கரையோரம் – 9: கல் பெற்றவர்களும் பெறாதவர்களும்

சென்ற வாரம் பெருநிலக் கரையிலுள்ள தள்ளாடியோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவில் கால் வைத்ததும் எதிர்ப்படுவது கோட்டை. 1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது, 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. உள்ளே கூரை போன ஒரு தேவாலயம். சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

அங்கே ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. உப்புக்காற்று எழுத்தைத் தின்றிருப்பதால் சில இடங்களைக் கண்ணைவிட விரலால்தான் படிக்க முடிகிறது. ஒல்லாந்தர் இதில் ஒழுங்கானவர்கள். இறந்தவரின் பெயர், கிழக்கிந்தியக் கம்பனியில் பார்த்த உத்தியோகம், பிறந்த ஊர், இறந்த நாள், வசதியிருந்தால் மேலே குலச்சின்னம் என எல்லாவற்றையும் கல்லில் வெட்டிவிடுவார்கள். பின்னாளில் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இலங்கையிலுள்ள ஐரோப்பியரின் கல்லறை எழுத்துகளைத் தேடித் திரட்டி 1913இல் நூலாக்கினார். கடல் கடந்து வந்து இறந்தவர்களுக்குக் கல்லும் கிடைத்தது, நூலும் கிடைத்தது.

இந்த மண்ணிலேயே பிறந்து இங்கேயே வெட்டுண்டவர்களுக்கு?

நகரிலிருந்து தலைமன்னார் போகும் வழியில் அவர்களை நினைவுகூரும் தோட்டவெளி இருக்கிறது. 1544இல் மன்னார் மக்கள் முத்துக்குளித்துறைக் கரையிலிருந்த பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தார்கள். அவரால் வர முடியவில்லை; தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் ஆணையால் அவர்கள் கொல்லப்பட்டார்கள். அறுநூறு பேர் என்பது திருச்சபை மரபு.

சங்கிலிக்குப் பயம் இருந்தது. மதம் மாறிய குடிகள் நாளை போர்த்துக்கேய அரசனின் குடிகளாகிவிடுவார்கள் என்ற அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டியது. அதற்காக அந்தக் கொலையை நாட்டுப்பற்று என்று பூசி மெழுக என்னால் முடியாது. மறுபக்கம், போர்த்துக்கேயர் செய்ததையும் பாருங்கள். சங்கிலியைத் தண்டிக்கப் படை போகவேண்டும் என்று சவேரியார் வற்புறுத்தினார். அந்த நேரம் பர்மாவின் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டியது. சரக்கை மன்னன் எடுத்துக்கொண்டான். சரக்கு திரும்பி வரட்டும் என்று படையெடுப்பைக் கைவிட்டார்கள். 1545இல் நாகப்பட்டினத்திலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியாரே இதைச் சொல்கிறார். அறுநூறு உயிரைவிடக் கப்பல் சரக்கு கனத்தது.

இன்று தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளின் நினைவாக மாதா ஆலயம் நிற்கிறது. மக்கள் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லிச் செபிக்கத்தான் வழியில்லை.

பெயரில்லாதவர்கள் இந்தத் தீவில் இன்னும் இருக்கிறார்கள். 2018இல் நகர நுழைவாயிலில் சதோச விற்பனை நிலையக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. முந்நூறுக்கும் மேல், குழந்தைகளும் உண்டு. போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் அந்தக் குழியைச் சுற்றி நின்றார்கள். 2019இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று அந்த எலும்புகளின் காலத்தை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை என்றது. அந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. எந்தக் காலத்தவராயினும் அவர்கள் யாரோ பெற்ற பிள்ளைகள்.

பெருநிலக் கரையிலுள்ள வங்காலைக்கும் ஒரு காயம் உண்டு. 1985 ஜனவரி 6ஆம் தேதி புனித ஆனாள் ஆலயப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊர் அவரை மறக்கவில்லை; ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அவருக்கு ஓர் ஊரே கல்லாக நிற்கிறது என்பேன். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை.

இறந்தோர் நினைவு நாளான நவம்பர் இரண்டாம் தேதி சேமக்காலைக்குப் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொந்தக் கல்லறையைத் துடைத்து மாலை போட்டபின், பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் பழைய கல்லையும் பாருங்கள். எழுத்துத் தெரிந்தால் படம் எடுங்கள். பெயரையும் ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். நமக்கு ஒரு லூயிஸ் வரமாட்டார், நாம்தான் செய்ய வேண்டும்.