விளையாட்டு மடிக்கணினியும் கடல் கடந்த உத்தரவாதமும்

முன்னுரை

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் பெட்டியைத் திறக்கும் வேளையில் குடும்பமே சுற்றி நிற்கும் காட்சி குமரி மாவட்டத்தார்க்குப் புதியதன்று. ஒரு காலத்தில் அப்பெட்டியிலிருந்து ஒலிநாடாக் கருவியும் கைக்கடிகாரமும் வெளிவந்தன. இன்று கைப்பேசியும் மடிக்கணினியும் வெளிவருகின்றன. அன்று ஒலிநாடாக் கருவி பழுதுபட்டால் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்த பழுதுபார்க்கும் கடைக்காரர் அதனைப் பிரித்துச் சரிசெய்து தந்துவிடுவார். மடிக்கணினியோ அவ்வளவு எளிதில் பணிவதன்று. அதன் பழுதுக்கு யார் பொறுப்பு, எந்த நாட்டில் பொறுப்பு, எதுவரை பொறுப்பு என்பன யாவும் எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்தைப் படியாமல் வாங்குவோர் படும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கண்ட நிகழ்ச்சி

எம் தமக்கையின் குடும்பம் குலசேகரத்தில் வாழ்கிறது. இரப்பர் மரத்தில் பால்வெட்டி வளர்த்த பிள்ளைகள் இருவர். மூத்தவர் துபாயில் பணிபுரிகிறார். இளையவர் கணினிவழி முப்பரிமாண வடிவமைப்புப் பயில்கிறார். அப்படிப்புக்குச் சாதாரணக் கணினி போதாது. படங்களை விரைந்து உருவாக்கும் தனி வரைகலைச் சில்லு வேண்டும். அத்தகைய சில்லு 'கேமிங் லேப்டாப்' எனப்படும் விளையாட்டு மடிக்கணினியில் உள்ளது. எனவே அண்ணன் தம்பிக்கு ஒன்றை வாங்கி வந்தார். 'இன்டர்நேஷனல் வாரண்டி உண்டு' எனக் கடைக்காரர் வாயால் சொன்னதே அவருக்குப் போதுமானதாயிற்று.

எட்டாம் மாதத்தில், ஐப்பசி அடைமழையின்போது, திரை இருண்டது. திருவனந்தபுரத்திலுள்ள சேவை நிலையத்திற்கு அதனை எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் அடிப்புறத்து வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கணினி மேற்காசிய நாடுகளில் விற்பதற்கு உரியது என்றும், கட்டணமில்லாப் பழுதுநீக்கம் அங்கு மட்டுமே கிடைக்கும் என்றும் கூறினார். இங்கேயே சரிசெய்வதாயின் தாய்ப்பலகை முழுவதையும் மாற்ற வேண்டுமாம். அதற்கு அவர் சொன்ன தொகை வாங்கிய விலையில் ஏறத்தாழப் பாதி. பின்னர் அவர் பில்லைக் கேட்டார். பில் இல்லை. விலை தெரிந்தால் வாப்பா வருந்துவார் என்றும், புதுப்பெட்டியைக் கண்டால் சுங்கத்தார் தடுப்பர் என்றும் எண்ணி, மூத்தவர் பில்லையும் பெட்டியையும் துபாயிலேயே எறிந்துவிட்டிருந்தார்.

அவரிடம் பில்லைப் பற்றிக் கேட்கலாம் என்றோம். தமக்கைக்கு அது பிடிக்கவில்லை. "பாசத்தோட வாங்கித் தந்தது தம்பி. அதுக்குப் போய் பில்லு கேட்டா அவன் மனசு என்ன பாடுபடும்?" என்றார். அவர் தயக்கம் நமக்கு விளங்காமலில்லை. எனினும் கேட்டோம். மூத்தவர் வருந்தவில்லை. வங்கி அட்டையில் பணம் செலுத்திய சான்றைக் காட்டிக் கடையிலிருந்து பில்லின் மறுபடியைப் பெற்றார். விடுமுறை முடிந்து திரும்பிய அண்டை வீட்டார் ஒருவர் கணினியைக் கொண்டு சென்றார். அது பழுது நீங்கித் திரும்பிவரப் பதினொரு வாரங்கள் ஆயின. வட்டு வெறுமையாக்கப்பட்டிருந்தது. இளையவர் படியெடுத்து வைக்காத ஓராண்டுச் செயல்திட்டத்தை முதலிலிருந்து செய்ய நேர்ந்தது.

சொல்லும் பொருளும்

'உத்தரம்' என்பதற்கு மறுமொழி என்பது ஒரு பொருள். ஆகவே 'உத்தரவாதம்' என்பதை, குறை நேர்ந்தால் மறுமொழி கூறும் பொறுப்பு எனக் கொள்ளலாம். மறுமொழி கூறுபவர் யார் என்பதே இங்கு வினா. மூவர் உளர். முதலாமவர், பொருளை உருவாக்கிய நிறுவனத்தார். அவர் உத்தரவாத ஏட்டில் எழுதிய அளவுக்கே பொறுப்பேற்பார். இரண்டாமவர், விற்ற கடைக்காரர். அவருடைய உறுதி பெரும்பாலும் அவர் கடை இருக்கும் ஊரோடு நின்றுவிடும். மூன்றாவது, நாட்டின் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளின் குறைக்கு விற்றவரே குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பாவார் எனச் சட்டமே கூறுகிறது. ஆயினும் ஒரு நாட்டுச் சட்டம் மறுநாட்டில் செல்லாது.

எல்லை வகுக்கப்படுவது ஏன்?

விளையாட்டு மடிக்கணினியில் மையச் செயலியும் வரைகலைச் சில்லும் மிகுந்த மின்னாற்றலை உண்டு மிகுந்த வெப்பத்தை உமிழ்கின்றன. பெரும்பாலான மாதிரிகளில் இவ்விரண்டும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. எனவே ஒரு சில்லு கெட்டால் பலகை முழுவதையுமே மாற்றுவது சேவை நிலையங்களின் வழக்கம். ஒரு நாட்டில் விற்கப்படாத மாதிரியின் பலகையை அந்நாட்டுச் சேவை நிலையம் இருப்பில் வைத்திராது. விசைப்பலகையும் அவ்வாறே, வளைகுடாவில் விற்கப்படும் பல கணினிகளின் விசைகளில் அரபு எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றோடு வரியும் விலையும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், நிறுவனங்கள் உலகைப் பகுதிகளாகப் பிரித்து உத்தரவாதம் தருகின்றன.

எல்லா நிறுவனங்களின் விதிகளும் ஒன்றல்ல. டெல் நிறுவனத்தில், கணினியை வேறு நாட்டிற்குக் கொண்டு சென்றால் அதன் சேவை எண்ணைப் புதிய நாட்டிற்கு மாற்றிப் பதிவுசெய்யும் முறை உண்டு. லெனோவோ நிறுவனத்தின் பன்னாட்டுச் சேவை, அதற்குத் தகுதியுடைய மாதிரிகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே 'பெரிய கம்பெனி, எங்கும் பார்ப்பார்கள்' என்னும் நம்பிக்கை போதாது. வாங்கவிருக்கும் மாதிரிக்கு உரிய விதியையே பார்த்தல் வேண்டும்.

மலிவும் அதன் மறுபக்கமும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 சனவரி முதல் நடைமுறையிலுள்ள மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு. இந்தியாவில் மடிக்கணினிக்குரிய சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. வரிக்கு முந்தைய விலை 1,00,000 ரூபாய் எனக் கொண்டால், வரியால் மட்டும் அங்கு 13,000 ரூபாய் குறைகிறது. இது சிறு தொகையன்று. ஆனால் இங்கே உத்தரவாதம் செல்லாதாயின், ஒரு முறை தாய்ப்பலகை மாற்றினாலே அம்மிச்சம் கரைந்துபோகும்.

திருப்பி அனுப்புவதிலும் தடையுண்டு. 100 வாட்மணி வரையிலான மின்கலம் பொருத்திய கணினியைப் பயணி விமானத்தில் தம்முடன் கொண்டுசெல்லத் தனி ஒப்புதல் தேவையில்லை. பெரிய விளையாட்டு மடிக்கணினிகள் சிலவற்றின் மின்கலம் 99.9 வாட்மணியில் நின்றுவிடுவது இவ்வரம்பு கருதியே. ஆனால் உப்பியதோ சேதமுற்றதோ ஆன லித்தியம் மின்கலத்தை விமானத்தில் கொண்டுசெல்லக் கூடாது. எனவே பழுது மின்கலத்தைச் சார்ந்ததாயின், வந்த வழியே அனுப்புவதும் இயலாது.

சுங்கத்தாருக்கு அஞ்சிப் பில்லை எறிவதும் தேவையற்ற செயல். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்கவரியின்றித் தம்முடன் கொண்டுவர விதிகள் இடமளிக்கின்றன.

சட்டத்தின் துணை

1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் மட்டுமன்றி, அவர் இசைவோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்கிறது இச்சட்டம். ஆகவே தந்தை பெயரில் பில் இருப்பினும் மகனும் மகளும் முறையிடலாம். பொருள் சென்னையில் வாங்கப்பட்டிருப்பினும், முறையிடுவோர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். குலசேகரத்தார்க்கு நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதற்குரிய இடமாகும். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடின் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்குரிய காரணம் தோன்றிய 2 ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். அதற்குமுன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்தல் நலம். ஆயின் கடல் கடந்த கடைக்காரரை இங்குள்ள ஆணையத்தின் முன் நிறுத்துவது நடைமுறையில் எளிதன்று. உள்ளூரில் வாங்குவோர் கூடுதலாகச் செலுத்தும் தொகை இப்பாதுகாப்புக்கும் உரிய விலை எனலாம்.

மனங்கொள்ளத்தக்கவை

வெளிநாட்டில் வாங்குவதெனத் துணிந்தால், பணம் செலுத்துமுன் அந்த மாதிரியின் எண்ணைக் கேட்டுப் பெற்று, அதே மாதிரி இந்தியாவிலும் விற்கப்படுகிறதா என நோக்குக. உத்தரவாதம் எந்தெந்த நாடுகளில் செல்லும் என்பதை நிறுவனத்தின் இணையத்தளத்திலோ அச்சிட்ட ஏட்டிலோ படிக்க. இந்தியாவிலுள்ள சேவை மையத்திற்கு எழுதி எழுத்திலேயே விடை பெறுக. பில்லில் வரிசை எண் இடம்பெறச் செய்து, அதன் படத்தை அன்றே வீட்டாருக்கு அனுப்புக.

வாங்கிய பின்னர், நில இணைப்புள்ள மும்முனைச் செருகியையே பயன்படுத்துக. இடிமின்னலின்போது செருகியைக் கழற்றிவிடுக. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, நீர், வீழ்ச்சி ஆகியவற்றால் நேரும் சேதத்தை இயல்பான உத்தரவாதம் ஏற்பதில்லை. ஈரமும் தூசும் மிக்க நம் பகுதியில் காற்றாடிகளை அவ்வப்போது தூய்மை செய்தலும் வேண்டும்.

பழுதுநீக்கத்திற்குக் கொடுக்குமுன் கோப்புகளைப் படியெடுத்து வைக்க. உத்தரவாதம் கருவிக்கே உரியது. அதனுள் நாம் சேர்த்துவைத்த உழைப்புக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்பதில்லை. கொடுக்கும்போது கணினியின் நிலையைக் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக.

முடிவுரை

அயல்நாட்டில் வெயிலில் உழைத்து ஈட்டிய பொருளால் வாங்கும் கணினி, படிக்கும் பிள்ளையின் கையில் நெடுநாள் பயன்பட வேண்டும். பில் கேட்பது நன்றி மறப்பதாகாது. கொடுத்தவரின் உழைப்பைக் காப்பதேயாகும். எம் தமக்கை மகன் இருவரும் இன்று அதனை உணர்ந்துள்ளனர். சென்ற விடுமுறையில் மூத்தவர் தம் உம்மாவுக்கு ஒரு கைப்பேசி கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் எடுத்து நீட்டியது பில்லைத்தான். தமக்கை அதனை வாங்கி, குடும்ப அட்டை இருக்கும் உறையில் வைத்துக்கொண்டார்.