மிதியின் தாளம்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு டில்லி, மும்பை, புனே, லூதியானா முதலிய நகரங்களில் வாழும் நம்மவருள் பலருக்கு மிதிவண்டி நெடுநாளைய துணை. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் அதில் செல்வோர் இன்றும் உளர். அண்மை ஆண்டுகளில், உடல்நலம் கருதி விடியற்காலையில் நெடுந்தொலைவு ஓட்டுவோரும் பெருகியுள்ளனர். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது தொடர்ந்து நிகழ்த்தும் 'டிரையத்லான்' என்னும் முப்போட்டிக்குப் பயில்வோரும் உள்ளனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. மிதியை நிமிடத்திற்கு எத்தனை முறை சுழற்றுவது நன்று? ஒரே எண்ணை விடையாகச் சொல்லிவிட முடியுமானால் எளிதாக இருக்கும். ஆயின் அவ்வெண் சாலைக்குச் சாலையும், ஆளுக்கு ஆளும், போட்டிக்குப் போட்டியும் மாறுகின்றது. மாறுவதன் காரணத்தை அறிந்தவர் தம் முழங்காலைக் காத்துக்கொள்வர்; நெடுந்தொலைவும் செல்வர்.

மிதி ஒரு முழு வட்டம் சுற்றி வருவது ஒரு சுழற்சி. ஒரு நிமிடத்தில் நிகழும் சுழற்சிகளின் எண்ணிக்கையை ஆங்கிலத்தில் 'கேடன்ஸ்' என்பர். இசையிலும் வழங்கும் சொல் அது. நாம் இங்கு அதனை மிதிவேகம் என்போம். இதனை அளக்கக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. வலது முழங்கால் மேலே எழும் ஒவ்வொரு முறையையும் 15 வினாடிகள் எண்ணி, வந்த தொகையை 4-ஆல் பெருக்கினால் போதும். 20 முறை எழுந்தால் மிதிவேகம் 80.

கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் தொட்டியை நிரப்ப வேண்டும். பெரிய வாளியால் சில முறை இறைக்கலாம். சிறிய வாளியால் பல முறை இறைக்கலாம். பெரிய வாளி தோளையும் இடுப்பையும் வருத்தும். சிறிய வாளி மூச்சு வாங்கச் செய்யும். மிகச் சிறிய செம்பைக் கட்டி இறைத்தாலோ, நீரைவிடக் கயிற்றையும் கையையும் அசைப்பதிலேயே உழைப்பு வீணாகும். மிதிவண்டியிலும் இவ்வாறே. கனமான கியரில் மெல்ல மிதித்தால் சுமை தசைக்கும் மூட்டுக்கும் செல்கிறது. இலேசான கியரில் விரைந்து மிதித்தால் சுமையின் ஒரு பங்கு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாறுகிறது. அளவு மீறி விரைந்தால், கால்களைச் சுழற்றுவதற்கே சக்தி செலவாகிவிடுகிறது.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். பயிற்சியுள்ள ஒருவர் 200 வாட் திறனுடன் ஓட்டுவதாகக் கொள்வோம். மிதியைத் தாங்கும் கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர் என்க. மிதிவேகம் 60 ஆயின், மிதியின்மேல் சராசரியாக 19 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் இடைவிடாது வேண்டும். மிதிவேகம் 90 ஆயின் 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அமையும். வண்டியின் வேகம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் முன்னவர் ஒரு மணி நேரத்தில் 3,600 முறையும், பின்னவர் 5,400 முறையும் மிதிக்கின்றனர். எவ்வகைச் செலவைத் தாங்க வல்லோம் என்பதே நம்முன் உள்ள தேர்வு.

நம் தசைகளில் இருவகை இழைகள் உள. மெல்லச் சுருங்குவன நெடுநேரம் களைப்பின்றி உழைக்கும். விரைந்து சுருங்குவன பெருவிசை தரும். ஆயின் விரைவில் சோர்ந்துவிடும். ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை கூடக்கூட, இரண்டாம் வகை இழைகள் மிகுதியாக வேலைக்கு அழைக்கப்படுகின்றன. அவற்றில் உள்ள சர்க்கரைச் சேமிப்பும் கரைகிறது. மணிக்கணக்கில் ஓட்டுவோர் இதனைத் தவிர்க்க விரும்புவது இயல்பே.

இங்கே வியப்பு ஒன்று உண்டு. மிதமான உழைப்பில் பிராணவாயுச் செலவு மிகக் குறைவாக இருப்பது மிதிவேகம் 60 முதல் 70 வரை இருக்கும்போது என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தேர்ந்த பந்தய வீரர்கள் தாமாகத் தேர்ந்து கொள்வதோ 80 முதல் 100 வரை. மூச்சில் சிறிது மிகுதியாகச் செலவிட்டு, காலின் வலிமையை இறுதிக் கட்டத்துக்கென அவர்கள் சேமிக்கின்றனர். உழைப்பின் அளவு உயர உயரச் சிக்கனமான மிதிவேகமும் உயர்கிறது என்பதனையும் கருத வேண்டும். வீரருக்கு ஏற்ற எண் நமக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

1972-இல் பெல்ஜிய நாட்டு எடி மெர்க்ஸ், மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை புரிந்தார். அவரது வண்டியில் முன் பற்சக்கரத்துக்கு 52 பற்களும் பின்னதற்கு 14 பற்களும் இருந்தன. கியர் மாற்றும் வசதி இல்லை. மிதிவேகம் 100-ஐச் சற்றே தாண்டியிருந்தது. பின்னர் அமெரிக்கரான லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மலைச்சாலையிலும் மிக விரைந்து மிதித்ததைக் கண்டு உலகெங்கும் பலர் அம்முறையைப் பின்பற்ற முயன்றனர். ஊக்க மருந்துக் குற்றத்துக்காக அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. அவ்வெற்றிகளை மிதிவேகத்தின் பயனாகக் கொள்வதற்கில்லை. பிறர் தாளத்தை அப்படியே கைக்கொள்வோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

சாலையின் தன்மை தாளத்தை மாற்றுவதற்கு மும்பையிலிருந்து புனே செல்லும் பழைய நெடுஞ்சாலை தக்க எடுத்துக்காட்டு. விரைவுச் சாலையில் மிதிவண்டிக்கு இடமில்லை. ஆகவே ஓட்டுவோர் பழைய சாலையையே நாடுவர். பன்வேலைக் கடந்து கோபோலி வரை பெரிதும் சமவெளி. பயிற்சியுடையோர் இங்கு 85 முதல் 95 வரை மிதிப்பர். கோபோலிக்குப் பின் போர்காட் என்னும் மலைப்பாதை தொடங்குகிறது. கண்டாலாவை அடைவதற்குள் ஏறத்தாழ 500 மீட்டர் உயர வேண்டும். இங்கு இலேசான கியருக்கு மாறினும், மிதிவேகம் 60-க்கும் 75-க்கும் இடையே இறங்குவது இயல்பு. அதனைத் தளர்ச்சி என எண்ணி வருந்த வேண்டா. 50-க்கும் கீழே சென்று முழங்கால் கனப்பதே கவனிக்கத்தக்கது. ஏற்றம் தொடங்குமுன்னரே கியரை மாற்றிக்கொள்வது நன்று. விசை முழுதும் சங்கிலியில் ஏறிய பின் மாற்ற முயன்றால் அது தடுமாறும்.

முப்போட்டியாளரின் நிலை வேறு. 2000-இல் சிட்னியில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற முப்போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீச்சலும், 40 கிலோமீட்டர் மிதிவண்டியும், 10 கிலோமீட்டர் ஓட்டமும் அடங்கும். 2019-இல் கோவாவில் நடந்த 'அயர்ன்மேன் 70.3' போட்டியில் மிதிவண்டி மட்டும் 90 கிலோமீட்டர், அதன்பின் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டமாகச் செல்லும் சாலைப் பந்தயத்தில், எதிராளி திடீரெனப் பாய்ந்தால் உடனே தொடர வேண்டும். விரைந்த மிதிவேகம் அதற்குத் துணை. இத்தகைய நீண்ட முப்போட்டியில் ஒருவர் பின் ஒருவர் காற்றுக்கு ஒதுங்கிச் செல்ல அனுமதி இல்லை. தனித்தே, சீராகவே ஓட்ட வேண்டும். ஆதலின் பலர் 75 முதல் 90 வரை, சாலை வீரரினும் சற்றுக் குறைவாக மிதிக்கின்றனர்.

வண்டியைவிட்டு இறங்கிய கால்கள் ஓட வேண்டும் என்பதே இவர்தம் கவலை. இறுதிப் பகுதியில் மிதிவேகத்தைக் குறைத்தோர் பின்னர்க் களைப்பின்றி நெடுநேரம் ஓடினர் என ஓர் ஆய்வு காட்டியது. விரைந்து மிதித்தோர் ஓட்டத்தையும் விரைந்த அடிகளுடன் தொடங்கினர் என மற்றோர் ஆய்வு காட்டியது. நல்ல ஓட்டக்காரரின் ஒவ்வொரு காலும் நிமிடத்திற்கு 85 முதல் 90 முறை தரையைத் தொடுவது வழக்கம். அத்தாளத்துக்கு அருகில் மிதித்து வந்த கால் புதிய தொழிலுக்கு எளிதில் பழகுகிறது போலும். இரண்டில் எது தமக்கு உகந்தது என்பதைப் போட்டி நாளன்று ஆராயலாகாது. பயிற்சியில் இரு முறையும் மிதித்துப் பார்த்து, இறங்கியவுடன் இரண்டு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் கால்களே விடை கூறும்.

கியர் இல்லாத சாதாரண வண்டியில் செல்வோர்க்கும் இதில் பயன் உண்டு. முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னுள்ள ஃப்ரீவீலில் 18 பற்களும் இருந்தால், ஒரு சுழற்சிக்கு வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவேகம் 50-க்கு அருகில் இருக்கும். சமவெளியில் வெறும் வண்டிக்கு இது தாழ்வில்லை. பால் கேனோ கட்டட வேலைக் கருவிகளோ ஏற்றிக்கொண்டு நாள்தோறும் பாலங்களில் ஏறுவோர்க்கு இது கனம். 18 பல்லுக்கு மாற்றாக 20 பல் ஃப்ரீவீல் பொருத்தினால் அதே வேகத்தில் மிதிவேகம் 55 ஆகும். ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். சிறு செலவில் முழங்காலுக்குக் கிடைக்கும் ஆறுதல் இது. கூலி வேலை செய்வோர்க்கு முழங்காலே முதல் என்பதனைச் சொல்ல வேண்டுவதில்லை.

இருக்கையின் உயரமும் கருதத்தக்கது. மிதி அடியில் நிற்கையில் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் எத்தாளமும் மூட்டை வருத்தும். அதனைச் சரிசெய்த பின், இப்போது உள்ள மிதிவேகத்தை ஒரு வாரம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் 5 மட்டும் கூட்டுங்கள். இருக்கையில் உடல் துள்ளத் தொடங்கினால் அளவு மிஞ்சியது எனக் கொள்ளலாம். தொடை எரிந்து முழங்கால் வலித்தால் அளவு குறைந்தது எனக் கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் நடுவே, பேசிக்கொண்டே மிதிக்கத்தக்க ஓர் இடம் உண்டு. அன்றாடப் பயணத்துக்கு அதுவே ஒவ்வொருவர்க்கும் உரிய தாளம்.